ட்ரம்ப் கார்டில் வயதுக்குக் கட்டம் இல்லை! ரெஸ்லிங் நாயகர்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனார்கள்?

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றால் போதும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் காதில் விழும். இன்னும் ஐந்து நிமிஷம் நின்றால் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த வடமாநில இளைஞர்களின் இந்தியும் சேர்ந்துகொள்ளும். இப்படி ஓர் ஊரில் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு ஹீரோவைக் காட்டச் சொன்னால் கஷ்டம்தான். ராஜ்குமாரா, ரஜினியா, சிரஞ்சீவியா என்று பேச்சு நீளும்.

ஆனால், அண்டர்டேக்கர் என்றால் மூன்று மொழிக்காரர்களும் ஒரே மாதிரி கண்ணை மேலே சொருகிக் காட்டுவார்கள். ரெஸ்லிங்குக்கு சப்-டைட்டில் தேவைப்படவில்லை. ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன், நடுவில் ஓர் ஏமாளி நடுவர். தெருக்கூத்து பார்த்து வளர்ந்த தாத்தாவுக்கும் அது புரிந்தது, பேரனுக்கும் புரிந்தது.

நைன்டீஸ் கிட்ஸுக்கு இதைவிட நெருக்கமான நினைவு, பெட்டிக்கடையில் வாங்கிய ட்ரம்ப் கார்டு. ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ஆடிய ஆட்டம், ஜெயித்த ஆட்டம் என்று வரிசையாகக் கட்டங்கள். 'எடை!' என்று சொல்லி யோகோசூனா கார்டை இறக்கினால் எதிராளி கதை முடிந்தது. கணக்கு நோட்டுக்குள் ஒளித்து வைத்து, வாத்தியாரிடம் பிடிபட்டு, கார்டு மொத்தமும் பறிபோன சோகம் அந்தத் தலைமுறைக்கே பொதுச்சொத்து.

அந்தக் கார்டில் வயதுக்குக் கட்டம் இருந்ததில்லை.

யோகோசூனாவையே எடுத்துக்கொள்வோம். ஜப்பான் சுமோ வீரர் என்று நம்ப வைக்கப்பட்டவர். நிஜத்தில் ராட்னி அனோவாயி என்ற சமோவா வம்சாவளி அமெரிக்கர். 250 கிலோவைத் தாண்டிய உடம்பு. 2000 அக்டோபரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஓட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 34. கார்டில் அவரை ஜெயிக்க வைத்த அந்த எடைதான் அவரைக் கொன்றது.

ஒரே ராத்திரி, ஒரே மேடை

1990 ஏப்ரல் 1-ம் தேதி கனடாவின் டொரன்டோ நகரில் ரெஸில்மேனியாவின் 6-வது பதிப்பு நடந்தது. கடைசி ஆட்டம் ஹல்க் ஹோகனுக்கும் அல்டிமேட் வாரியருக்கும். அரங்கமே அதிர்ந்த ராத்திரி. யூடியூபில் இன்றைக்கும் அந்த வீடியோக்கள் ஓடுகின்றன. அவற்றைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தால் உற்சாகமெல்லாம் வடிந்துவிடும்.

அன்று மேடையேறிய ஆந்த்ரே தி ஜயன்ட் 46 வயதில் போனார். ரிக் ரூட் 40 வயதில். மிஸ்டர் பெர்ஃபெக்ட் என்ற கர்ட் ஹென்னிக் 44. போலீஸ் உடையில் வந்து லத்தி சுழற்றிய பிக் பாஸ் மேன் 41. ஹெர்குலிஸ் 47. அவரோடு மோதிய எர்த்க்வேக் 42 வயதில் புற்றுநோயால். டீனோ பிராவோ 44 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். ராண்டி சாவேஜ் 58 வயதில், கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது இதயம் நின்று. அவரோடு வந்த ஷெர்ரி மார்ட்டெல் 49. எல்லாரும் தேவதை என்று கொண்டாடிய மிஸ் எலிசபெத் 42. அந்த ராத்திரி ஜெயித்த வாரியர் 54. தோற்ற ஹோகன் மட்டும் 71 வயது வரை இருந்து, 2025 ஜூலையில் மாரடைப்பால் போனார்.

இது ஒரே ஒரு நிகழ்ச்சியின் பட்டியல், அதுவும் முழுசு கிடையாது. பிரிட்டிஷ் புல்டாக் (39), பிரையன் பில்மேன் (35), எட்டி குவெரேரோ (38), உமாகா (36), டெஸ்ட் (33) என்று அடுத்தடுத்த வருஷங்களில் வரிசை நீண்டது. கடைசியாக உலகமே அதிர்ந்தது பிரே வயட்டுக்கு. 2023 ஆகஸ்ட் 24, வயது 36.

அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்குப்போட்டே பார்த்துவிட்டார்கள். 1985 முதல் 2011 வரை களத்தில் இருந்த ரெஸ்லர்களை எடுத்துக்கொண்டு 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. 45 முதல் 54 வயதுக்குள் இறக்கும் விகிதம், அதே வயது சாதாரண அமெரிக்க ஆண்களைவிட இவர்களிடம் கிட்டத்தட்ட 3 மடங்கு. முதல் காரணம் இதயம்.

'எல்லாம் நடிப்புதானே, அடி கூடப் படாதே' என்று சிரித்த பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். முடிவு முன்கூட்டியே பேசி வைத்தது என்பது உண்மை. ஆனால், பத்தடி உயரத்திலிருந்து முதுகு அடிபட விழுவதை எப்படி நடிப்பது? ரிங்கின் அடியில் இருப்பது இரும்புச் சட்டம், மேலே பலகை, அதற்கு மேல் மெல்லிய மெத்தை. அவ்வளவுதான். அதில் வாரம் நாலைந்து நாள் விழ வேண்டும்.

தாராசிங் 83, காமா 82

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். மல்யுத்தம் ஆடினாலே ஆயுசு குறைவா?

நம் நாட்டுக் கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. காமா பயில்வான் 1910-ல் லண்டனுக்குப் போய், போலந்து வீரர் ஸ்பிஸ்கோவோடு மோதினார். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு கிடந்ததில் ஆட்டம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுத்து, டிராவில் முடிந்தது. மறு ஆட்டத்துக்கு ஸ்பிஸ்கோ வரவேயில்லை. 18 வருஷம் கழித்து பாட்டியாலாவில் திரும்ப மோதியபோது, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, காமா முடித்துவிட்டார். அவர் லாகூரில் 1960-ல் இறந்தபோது வயது 82. ஸ்பிஸ்கோவும் 80 தாண்டி வாழ்ந்தவர்தான்.

தாராசிங் கதை நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். பஞ்சாப் கிராமத்துப் பையன், சுதந்திரம் வந்த நேரத்தில் பிழைப்புக்கு சிங்கப்பூர் போய், டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே மல்யுத்தம் கற்றார். ஆக, அவரும் ஆலைத் தொழிலாளிதான்! 1959-ல் கல்கத்தாவில் காமன்வெல்த் பட்டம், 1968-ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம். கிங்காங்கோடு அவர் மோதிய ஆட்டங்கள் தனிக் காவியம். 130 கிலோ தாராசிங், 200 கிலோ கிங்காங்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினார் என்று சொல்வார்கள். 'பெரிய தாராசிங்னு நினைப்பா?' என்ற கேலி, அவரைப் பார்த்தே இராதவர்கள் வாயிலும் வரும்.

கிங்காங்கின் நிஜப் பெயர் எமில் சாயா. ஹங்கேரியர். 1970-ல் மலேசியாவில் கார் விபத்தில் அடிபட்டு சிங்கப்பூரில் இறந்தார். வயது 60 ஒட்டி இருக்கும். தாராசிங் அனுமாராக டி.வி-யில் வந்து, ராஜ்யசபாவில் அமர்ந்து, 2012-ல் 83 வயதில் மும்பையில் காலமானார். அவரிடம் தோற்ற லூ தெஸ் வாழ்ந்தது 86 வருஷம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் தசராவில் இன்றைக்கும் குஸ்தி உண்டு. கர்நாடகக் கிராமங்களில் 'கரடி மனை' என்று செம்மண் குஸ்திக் கூடங்கள் உண்டு. மைசூர் அரண்மனையில் விஜயதசமி அன்று ஜெட்டிகள் ஆடும் வஜ்ரமுஷ்டியில், யாராவது ஒருவர் தலையில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் போதும், ஆட்டம் நிறுத்தப்படும். அமெரிக்க ரெஸ்லிங்கில் இதற்கு நேர் எதிர். ரத்தம் தெரிந்தால்தான் ஆட்டம் சூடுபிடிக்கும். அதற்காக மணிக்கட்டுப் பட்டைக்குள் பிளேடு துண்டை ஒளித்து வைத்து, தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்வது அங்கே ஒரு தொழில்நுட்பம்!

ஆக, குஸ்தி ஆளைக் கொல்லவில்லை. நடுவில் வேறு என்னவோ நுழைந்திருக்கிறது.

ஊசி வந்தது

1958-ல் அமெரிக்கச் சந்தைக்கு டையனபால் என்ற மாத்திரை வந்தது. ஆண் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் செயற்கை ஸ்டீராய்டு. முதலில் எடை தூக்குபவர்கள், பிறகு பாடிபில்டர்கள், அங்கிருந்து ரெஸ்லிங். சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாம் எழுபதுகளில் 22 இன்ச் கையோடு மேடையேறியபோது, தொப்பை வைத்த பழைய பயில்வான்களின் காலம் முடிந்தது. அவரைப் பார்த்து வளர்ந்தவர்தான் ஹல்க் ஹோகன். குழந்தைகளிடம் 'வைட்டமின் சாப்பிடுங்கள், பிரார்த்தனை செய்யுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்த ஹோகன், 1994-ல் கோர்ட்டுக் கூண்டில் நின்று பத்து வருஷத்துக்கு மேலாக ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டார்.

அந்த வழக்குக்கு முன்கதை இன்னும் சுவாரஸ்யம். பென்சில்வேனியா மாநிலத்தில் ரெஸ்லிங் நடந்தால், அரசு நியமித்த டாக்டர் ஒருவர் வீரர்களைப் பரிசோதித்தாக வேண்டும். அப்படி வந்த டாக்டர் ஜார்ஜ் சஹோரியன்தான் வீரர்களுக்கு ஸ்டீராய்டு விற்றார். 1991-ல் தண்டனை பெற்று சிறைக்குப் போனார். வேலியே பயிரை மேய்ந்த கதை. நிறுவன முதலாளி வின்ஸ் மெக்மஹோன் மீதும் வழக்கு நடந்தது. 1994 ஜூலையில் அவர் குற்றமற்றவர் என்று ஜூரி சொல்லிவிட்டது.

ஸ்டீராய்டு உடம்புக்குள் என்ன செய்கிறது? கையில் ஏறும் தசை கண்ணுக்குத் தெரியும். இதயமும் தசைதான், அதுவும் தடிக்கிறது என்பது தெரியாது. இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்தால், ரத்தம் நிரம்ப இடம் குறையும். கெட்ட கொழுப்பு ஏறி, நல்ல கொழுப்பு இறங்கும். ரத்த அழுத்தம் கூடும். இதெல்லாம் 25 வயதில் எந்த வலியும் இல்லாமல் நடக்கும். 38 வயதில் ஒரு காலைப் பொழுதில் கணக்கு கேட்கும்.

எட்டி குவெரேரோவுக்கு அப்படித்தான் கேட்டது. 2005 நவம்பர் 13, மின்னியாபொலிஸ் நகர ஓட்டல். குடி, மருந்து எல்லாவற்றிலிருந்தும் மீண்டு நாலு வருஷம் ஒழுங்காக இருந்தவர். பழைய சேதம் உள்ளேயே இருந்தது. உடன் பயணம் செய்த அண்ணன் மகன் சாவோதான் குளியலறையில் அவரைக் கண்டெடுத்தார்.

இந்த ஓட்டல் அறை திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்க வேண்டும். ஆந்த்ரே, அப்பாவின் இறுதிச்சடங்குக்குப் போன இடத்தில், பாரிஸ் ஓட்டலில். பில்மேன் மின்னசோட்டா ஓட்டலில். யோகோசூனா லிவர்பூலில். கர்ட் ஹென்னிக் புளோரிடாவில். வருஷத்தில் 300 நாள் வரை ஊர் ஊராகச் சுற்றிய பிழைப்பு. ராத்திரி ஆட்டம் முடிந்ததும், தாங்களே வாடகைக் காரை ஓட்டிக்கொண்டு அடுத்த ஊர். முதுகு வலிக்கு மாத்திரை, தூங்க ஒரு மாத்திரை, எழுந்திருக்க இன்னொன்று, நடுவில் சரக்கு. நைட் ஷிஃப்டும் ஓவர்டைமும் பார்த்து, டீயும் தைலமுமாக நாளை ஓட்டும் சிப்காட் தொழிலாளிக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அவர்களும் 'கான்ட்ராக்ட்'தான்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் 'பையன் என்ன வேலை?' என்று கேட்டால் அடுத்த கேள்வி 'பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?' என்பதுதான். பெண் பார்க்கப் போகும் இடத்திலும் அதுதான் கேள்வி. ஒரே லைன், ஒரே மெஷின், ஒரே நட்டு. யூனிஃபார்மின் நிறமும் சம்பளமும் வேறு.

கோடிக்கணக்கான பேர் பார்த்த ரெஸ்லிங் நாயகர்களும் இந்தப் பேச்சில் இரண்டாவது ரகம். நிறுவனத்தின் ஊழியர்கள் அல்ல, 'தனி ஒப்பந்ததாரர்கள்'. எந்த ஊரில், எந்த நாளில், யாரிடம் தோற்க வேண்டும் என்பது வரை நிறுவனம் சொல்லும். வேறு நிறுவனத்தில் ஆட அனுமதி கிடையாது. ஆனால், மருத்துவ இன்சூரன்ஸ், ஓய்வூதியம் எல்லாம் அவரவர் பாடு. ரிங்கில் அடிபட்டால் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொள்வதாக நிறுவனம் சொல்கிறது. ஆனால், அடிபட்டு வீட்டில் உட்கார்ந்தால் அடுத்தவன் மேலே வந்துவிடுவான் என்ற பயத்தில், வலியை மறைத்துக்கொண்டு ஆடியவர்களே அதிகம். அங்கே சங்கமும் கிடையாது. எண்பதுகளின் நடுவில் ஜெஸ்ஸி வென்சுரா சங்கம் அமைக்கப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. அவர் பிற்பாடு மின்னசோட்டா மாநில கவர்னரே ஆனார், சங்கம் மட்டும் இன்று வரை வரவில்லை.

நம் ஊர்ச் சட்டம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டு. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால், பிரதான நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். கட்டுகிறார்களா என்று செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

இதில் 1989-ல் நடந்த ஒன்று முக்கியம். நியூ ஜெர்சி மாநில செனட்டில் ஒரு மசோதா வந்தது. 'ரெஸ்லிங் போட்டி அல்ல, வெறும் பொழுதுபோக்கு' என்று நிறுவனத்தின் சார்பிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. அதுவரை 'எல்லாம் நிஜம்' என்று சத்தியம் செய்து வந்தவர்கள்! உலகம் அந்த ரகசியம் உடைந்ததைத்தான் செய்தியாக்கியது. ஆனால், ஏன் ஒப்புக்கொண்டார்கள்? போட்டி என்றால் விளையாட்டு ஆணையத்தின் லைசென்ஸ், வரி, ஆட்டத்துக்கு முன் டாக்டர் பரிசோதனை எல்லாம் உண்டு. பொழுதுபோக்கு என்றால் எதுவும் இல்லை. ஒரே வார்த்தையில் மருத்துவப் பரிசோதனையும் காணாமல் போனது.

பாதுகாப்பு விதிகளைப் பற்றிப் பேசும்போது ஓவன் ஹார்ட்டை விட முடியாது. 1999 மே 23, கான்சஸ் சிட்டி. ப்ளூ பிளேஸர் என்ற முகமூடி வேஷத்தில், அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டும். இறங்கியதும் சட்டென்று கழன்றுகொள்ள வேண்டும் என்பதற்காக, லேசாக இழுத்தாலே விடுபடும் கொக்கியை மாட்டியிருந்தார்கள். உயரத்திலேயே அது விடுபட்டுவிட்டது. கிட்டத்தட்ட 78 அடி. வயது 34. உயரத்தில் வேலை பார்க்கும் எந்த வெல்டரிடம் கேட்டாலும், பெல்ட்டுக்கு இரண்டாவது கொக்கி ஏன் என்று சொல்வார்.

அவரை ஸ்ட்ரெச்சரில் எடுத்துப் போன பிறகு, அன்றைய நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. அவர் விழுந்த அதே ரிங்கில் அடுத்த ஆட்டம் நடந்தது. குடும்பம் வழக்குப் போட்டது. 2000-ல் 1 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

நாற்காலி அடி

பிள்ளைகள் படிக்கும் பக்கம் என்பதால், கிறிஸ் பென்வா கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2007 ஜூனில் மனைவியையும் 7 வயது மகனையும் கொன்றுவிட்டு, தானும் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 40. முன்னாள் ரெஸ்லர் கிறிஸ் நோவின்ஸ்கி தொடங்கிய அமைப்பின் மூலம் அவருடைய மூளை பரிசோதிக்கப்பட்டது. 85 வயது அல்சைமர் நோயாளியின் மூளை போல இருந்தது என்றார்கள் மருத்துவர்கள். பல வருஷமாகத் தலையில் வாங்கிய நாற்காலி அடியும், மேலிருந்து தலையால் மோதும் அவருடைய பிரபல ஸ்டைலும் சேர்ந்து செய்த வேலை. அந்தக் குற்றத்துக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இறந்த இரண்டு உயிர்களுக்கும் அது பதில் ஆகாது. ஆனால், தலையில் நாற்காலியால் அடிப்பதை 2010-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. தடை செய்தது.

எட்டி இறந்த மறு வருஷம், 2006-ல், ஸ்டீராய்டு சோதனையும் இதயப் பரிசோதனையும் கட்டாயமாயின. முன்னாள் வீரர்களின் போதை மறுவாழ்வுச் செலவையும் நிறுவனம் ஏற்கத் தொடங்கியது. இன்றைய ரெஸ்லர்கள் முன்பைவிட ஒல்லியாகத் தெரிவதற்கு இதெல்லாம் ஒரு காரணம். ஒப்பந்ததாரர் என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

நம் கிரேட் காளிக்கும் இந்தக் கதையில் ஒரு பக்கம் உண்டு. இமாச்சலக் கிராமத்திலிருந்து பஞ்சாப் போலீஸ் வழியாக அமெரிக்கா போன தலிப் சிங் ராணா, 2001-ல் கலிபோர்னியாவில் ஒரு பள்ளியில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே அவரோடு பயிற்சி செய்த இளைஞர் ஒருவர் தலையில் அடிபட்டு இறந்தார். ஏற்கெனவே தலையில் அடிபட்டிருந்தவரை மறுபடி ரிங்கில் இறக்கியது பயிற்சிப் பள்ளியின் தவறு என்று ஜூரி தீர்ப்புச் சொல்லி, இழப்பீடு தரச் சொன்னது. காளியின் அந்த உயரமே ஒரு நோயின் விளைவு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை 2012-ல் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். ஆந்த்ரேவும் இதே போன்ற வளர்ச்சிக் கோளாறு உள்ளவர், அதற்கு அவர் சிகிச்சை எடுக்காமலே விட்டுவிட்டார்.

பாகலூர் ரோட்டு கண்ணாடிக்கு முன்னால்

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று நகர்ந்துவிடலாமா? ஓசூரில் மாடிக்கு மாடி ஜிம் வந்துவிட்டது. சுவரில் தி ராக், ஜான் சீனா படம். ஷிஃப்ட் முடித்து வரும் பையன்களால் காலை ஐந்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் கூட்டம். பெரும்பாலோர் நல்லபடியாக உடம்பை வளர்ப்பவர்கள்தான். போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறவர்கள், சுகர் வந்துவிடுமோ என்று ஓடுகிறவர்கள், கல்யாணத்துக்கு முன் தொப்பையைக் குறைக்க வந்தவர்கள்.

பிரச்னை மூன்று மாதத்தில் ரிசல்ட் கேட்பவர்களுக்கு. டையனபாலின் செல்லப் பெயர் 'டி-பால்'. நாண்ட்ரோலோனுக்கு 'டெகா'. ஊசி போடும் காலத்துக்கு 'சைக்கிள்'. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கு இப்படிச் செல்லப் பெயர் வைத்துவிட்டால், பாதி பயம் போய்விடுகிறது. இப்போது புதிதாக மெபென்டெர்மின். ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்தால் ஏற்றுவதற்குப் போடும் ஊசி அது. களைப்புத் தெரியாமல் எடை தூக்கலாம் என்று ஜிம்முக்கு முன்னால் போட்டுக்கொள்கிறார்கள். இதைக் கள்ளத்தனமாக விற்று, நாட்டின் பல ஊர்களில் ஆட்கள் கைதாகியிருக்கிறார்கள்.

2021 அக்டோபர் 29-ம் தேதி கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது, இந்த எல்லை முழுக்க ஒரு வாரம் பேச்சு அதுதான். அவருக்கும் ஸ்டீராய்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால், அந்தச் செய்திக்குப் பிறகு பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. அதுவரை இதயம் என்பது அப்பாக்களின் பிரச்னை என்று நினைத்த பையன்களும் அந்த வரிசையில் நின்றார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கச் சில அடையாளங்கள் இருக்கின்றன. 20 வயதுக்கு மேல் திடீரென்று முதுகெங்கும் பரு. ஆண் பிள்ளைக்கு மார்புக் காம்புக்கு அடியில் வீக்கம், வலி. இரண்டு மாதத்தில் பத்து கிலோ ஏற்றம். காரணமில்லாத கோபம், தூக்கம் கெடுவது. ஊசியை நிறுத்தியதும் சோர்ந்து படுத்துவிடுவது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும். கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லை என்று மருமகளைக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போகும் மாமியார்கள், மகன் பழைய ஜிம் பையில் என்ன வைத்திருந்தான் என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். இப்படி எடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தால் கத்திப் பிரயோஜனமில்லை. ரத்த அழுத்தம், கொழுப்பு, ஈ.சி.ஜி., எக்கோ பார்த்துவிட்டு, டாக்டரிடம் உண்மையைச் சொல்லச் சொல்ல வேண்டும். அவர் போலீஸில் சொல்ல மாட்டார்.

ஏழு தடவை செத்தவர்

அண்டர்டேக்கர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர் என்று ஒரு தலைமுறையே நம்பியது. அக்‌ஷய் குமார் இந்திப் படத்தில் அவரைத் தூக்கி அடித்தார் என்பதும் அப்படித்தான். 1996-ல் வந்த 'கிலாடியோங் கா கிலாடி'யில் நடித்தது பிரையன் லீ என்ற வேறு ரெஸ்லர் என்று அக்‌ஷயே 2023-ல் சொல்லிவிட்டார். அதே படத்தில் நடித்த க்ரஷ் என்ற பிரையன் ஆடம்ஸ் 2007-ல் இறந்தார், வயது 43. அண்டர்டேக்கருக்குப் பின்னால் அஸ்திக் கலசம் தூக்கி வந்த பால் பேரர், நிஜ வாழ்க்கையிலும் இறுதிச்சடங்குத் தொழில் படித்தவர். அவர் 2013-ல் 58 வயதில் போனார். அண்டர்டேக்கர் 2020-ல் ஓய்வு பெற்று, வீட்டில் உட்கார்ந்து பாட்காஸ்ட் நடத்திக்கொண்டிருக்கிறார்.

தோளில் மலைப்பாம்போடு வந்த ஜேக் தி ஸ்னேக் ராபர்ட்ஸ் ஞாபகம் இருக்கிறதா? குடியும் கொக்கெய்னும் சேர்ந்து, 2012-ல் அவர் ஆளே அடையாளம் தெரியாமல் இருந்தார். ஒரு காலத்தில் அவரிடம் தொழில் கற்ற டைமண்ட் டல்லஸ் பேஜ், அவரை அட்லாண்டாவில் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்த் தங்க வைத்து, தினமும் யோகா செய்ய வைத்தார். ஜேக் பல தடவை வழுக்கினார், பேஜ் விடவில்லை. கொஞ்ச நாளில், ரேஸர் ராமன் என்ற ஸ்காட் ஹாலையும் அதே நிலைமையில் அதே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

2014 ஏப்ரல் 5-ம் தேதி நியூ ஆர்லியன்ஸில் 'ஹால் ஆஃப் ஃபேம்' விழா. ஜேக், ஸ்காட் ஹால், அல்டிமேட் வாரியர் மூவருக்கும் ஒரே மேடையில் கௌரவம். மூவரில் திடமாகத் தெரிந்தவர் வாரியர்தான், 54 வயதிலும் அதே கட்டுமஸ்து. மூன்றே நாளில், ஏப்ரல் 8-ம் தேதி, மனைவியோடு ஓட்டலிலிருந்து காருக்கு நடந்து போகும்போது சரிந்து விழுந்து இறந்தார். ஸ்காட் ஹால் இன்னும் எட்டு வருஷம் இருந்தார், 2022-ல் 63 வயதில் மறைந்தார்.

பிழைக்க மாட்டார் என்று எல்லாரும் கைவிட்டிருந்த ஜேக்குக்கு, 2025 மே மாதத்தில் 70 வயது ஆனது.